முதலில் புக், பிறகு போனட்

பெரிய அமெரிக்கக் கார் வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு ஓசூர் வட்டாரம் நல்ல வாய்ப்புள்ள இடம். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே பழைய பங்களாக்களின் ஷெட்டுகளில் செவர்லேயும் பிளிமத்தும் இன்னமும் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. சென்னையைப் போல உப்புக் காற்று இல்லாத மேட்டு நிலம் என்பதால் தகடு சீக்கிரம் அரிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், 1970களில் சிப்காட் வந்து, 1980ல் அசோக் லேலண்ட் வந்து, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகியதில் லேத் வேலையும் மில்லிங் வேலையும் தெரிந்த கைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

இதனால் இங்கே கார் வாங்குகிறவர் பயப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. எஞ்சின் ஓடவில்லை என்றால் அதை ஓட வைக்க ஆள் இருக்கிறார்கள். தொலைந்துபோன ஆர்.சி. புக்கை எந்த லேத்திலும் கடைந்து எடுக்க முடியாது. வளைந்த முன் கண்ணாடியை சிப்காட்டில் எந்த ஷெட்டிலும் வார்த்துத் தர மாட்டார்கள். ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் புக், பிறகு சேஸும் பாடியும், அதன் பிறகு கண்ணாடியும் குரோமியச் சாமான்களும், கடைசியில் எஞ்சின். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போனட்டைத் தூக்கி, செல்ஃப் அடித்து, சத்தத்தைக் கேட்டு மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்தக் கார் கிடைக்கும்

நம் நாட்டில் கிடைக்கும் அமெரிக்கக் கார்களுக்கு ஒரு வரலாற்றுக் கோடு உண்டு. அது 1954. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லிருந்து பம்பாயில் செவர்லே கார்களைப் பெட்டிகளில் இறக்கிப் பூட்டி விற்றது. ஃபோர்டும் அப்படியே செய்தது. சுதந்திரத்தை ஒட்டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் கார்களைப் பூட்டத் தொடங்கியது. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. 1953ல் வந்த சுங்க வரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. 1954க்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் போய்விட்டன.

இது உங்களுக்கு எதற்கு என்றால், 1954க்கு முந்தைய செவர்லே பெரும்பாலும் இங்கே பூட்டி, இங்கேயே முதல் பதிவு ஆனது. அதன் காகிதத் தடம் எளிது. அதற்குப் பிந்தைய பெல் ஏர், இம்பாலா போன்றவை தூதரகங்கள் வழியாகவோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் சொந்தச் சாமானாகவோ வந்தவை. தூதரகக் கார்கள் பிறகு அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்கப்பட்டன. 1955, 56, 57 செவர்லேயில் வலது பக்க ஸ்டீயரிங் இருந்தால் அது கனடாவின் ஓஷாவா ஆலையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இடது பக்க ஸ்டீயரிங் உள்ள இம்பாலாவை யாராவது காட்டினால் முதல் கேள்வி, “இது எப்படி நாட்டுக்குள் வந்தது, கஸ்டம்ஸ் காகிதம் எங்கே?” என்பதாக இருக்கட்டும்.

முதல் கார் என்றால் நான் சொல்வது 1949 முதல் 54 வரையிலான செவர்லே ஆறு சிலிண்டர், அல்லது அதே காலத்துப் பிளிமத், டாட்ஜ் ஆறு சிலிண்டர். கட்டமைப்பு எளிது. கையால் மாற்றும் மூன்று கியர், ஒரே கார்புரேட்டர். பழைய லாரி மெக்கானிக் ஒருவர் போனட்டைத் திறந்ததும் புரிந்துகொள்வார். இம்பாலாவின் மேல் ஆசை இருப்பது இயல்பு. 1958ல் வந்த அந்தக் கார் பலரின் இளமைக் கனவு. ஆனால் 1959 இம்பாலா 17 அடி 6 அங்குலத்துக்கும் மேல் நீளம், அகலம் 6 அடி 8 அங்குலம். அம்பாசடர் 14 அடிதான். ஓசூரில் 30க்கு 40 மனையில் வீடு கட்டியவர் முதலில் டேப் எடுத்துப் போர்ட்டிகோவை அளக்கட்டும். கேட் திறக்கும் இடத்தையும் கார் வளைந்து ஏறும் சந்தையும் சேர்த்து அளக்கட்டும். 1951 செவர்லே 5 மீட்டர். அதுவே நம் லேஅவுட் தெருக்களில் திரும்பத் திணறும்.

புக்

இனி விஷயத்தின் உயிர்நாடி.

நம்பர் பிளேட்டின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் பழைய மதராஸ் மாநிலப் பதிவு. எம்.ஒய். என்றால் பெரும்பாலும் மைசூர் மாநிலம். மதராஸ் 1969ல் தமிழ்நாடு ஆனது, மைசூர் 1973ல் கர்நாடகம் ஆனது. 1989ல் டி.என்., கே.ஏ. முறை வந்தது. ஒரு காரின் வாழ்நாளில் இந்த எல்லா முறைகளும் கடந்துபோயிருக்கலாம்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ல் பிறந்தது. அதற்கு முன் ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி மாவட்டமே 1965ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே ஓசூர் எஸ்டேட்காரர் ஒருவர் 1950களில் வாங்கிய காரின் முதல் பதிவேடு சேலத்தில் இருக்கலாம். பிந்தைய கைமாற்றம் தர்மபுரியில் பதிவாகியிருக்கலாம். ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று கைவிட வேண்டாம்.

புக் கையில் இருந்தாலும் அது அரசின் வாகன் கணினித் தொகுப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் பெயர் மாற்றமும் நடக்காது, என்.ஓ.சி.யும் கிடைக்காது. பழைய பதிவேட்டிலிருந்து விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பேக்லாக் என்ட்ரி என்பார்கள். அதைப் பதிவு இருக்கிற ஆபீஸில்தான் செய்ய முடியும். அந்த வேலையை விற்பவரே முடித்துத் தர வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். “புக் எல்லாம் கிளியருங்கண்ணா, என்.ஓ.சி. ரெண்டு வாரத்துல வந்துரும்” என்று புரோக்கர் சொல்வார். வரட்டும். வந்த பிறகு முழுப் பணம்.

கர்நாடகக் காரை இந்தப் பக்கம் கொண்டுவருவதற்கான நடைமுறை: அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28ல் என்.ஓ.சி., விற்பனைக்குப் படிவம் 29, 30, கடன் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்ததற்கு படிவம் 35. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியின் உரிமை மாற்றத்தை 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் நின்றால் இங்கே புது எண் வாங்கியாக வேண்டும். ஓசூர் என்றால் டி.என். 70, கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24. சாலை வரி தனி. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு வீடும் ஜுஜுவாடியில் ஒரு ஷெட்டும் வைத்துக்கொண்டு, எந்த மாநிலத்திலும் பதிவைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கார்களை வாங்காதீர்கள். அவர்கள் தள்ளிப்போட்ட வரியும் அபராதமும் உங்கள் தலையில் விடியும்.

மூல உரிமையாளர் இறந்துவிட்ட கார்கள்தான் இந்தச் சந்தையில் அதிகம். தாத்தா பெயரில் புக் இருக்கும், பேரன் விற்பார். வாரிசு பெயருக்குப் படிவம் 31ல் மாற்றிய பிறகே விற்பனை. தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். கர்நாடகக் குடும்பம் என்றால் வம்ச விருட்சம் என்ற குடும்ப மரச் சான்று தருவார்கள். அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் விற்பனைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கன்னடம் படிக்கத் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஓசூரில் அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் அத்தையின் கையெழுத்து இல்லை என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். கார் பளபளப்பாகத் தயாரான பிறகு அந்த அத்தை கேஸ் போட்டால் எல்லாம் நின்றுவிடும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத, சொந்த உபயோக வண்டி இதில் சேரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், எம்.எஸ். எண்ணின் அழகை இழக்க வேண்டியதில்லை. விற்றால் 90 நாளுக்குள் இரு தரப்பும் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பதிவில் உள்ள கட்டுப்பாட்டைத் தெரிந்துகொண்டே சேருங்கள். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போவது இதில் வராது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது எந்த வகையிலும் வராது; சாதாரண வெள்ளை போர்டு காருக்கும் அது கூடாது. இந்த வட்டாரத்தில் மண்டபம் வைத்திருக்கும் சிலர் வாடகை வருமானத்தை நம்பியே கார் தேடுகிறார்கள். அந்தக் கணக்கு சட்டத்தில் நிற்காது. அடிக்கடி ஓட்ட விரும்புகிறவர் சாதாரணப் பதிவிலேயே இருந்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டிப் புதுப்பிப்பது நல்லது. அதற்கான கட்டணம் 2022ல் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000 என்று விதித்தார்கள். பிறகு மேலும் உயர்த்தப்பட்டது. உங்கள் கார் இறக்குமதி என்று புக்கில் எழுதியிருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். செலவு அதைப் பொறுத்து மாறும்.

வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், வெயில் ஏறும் முன். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். கையில் ஒரு காந்தம், டார்ச், வெள்ளைத் தாள், பென்சில், குந்தி உட்கார ஒரு சாக்கு.

முதலில் எண்கள். இந்தக் காலத்துச் செவர்லேயில் கதவு கீல் பக்கத்துத் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பிளிமத்தில் எஞ்சின் எண் பிளாக்கின் இடது பக்கம், முன்புறம், ஒரு தட்டையான இடத்தில் குத்தியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்துத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் மெல்ல மேலே வரும். பி 15 என்று தொடங்கினால் 1946 முதல் 48க்குள் வந்த கார், பி 20 என்றால் 1950, பி 23 என்றால் 1951, 52. புக்கில் 1949 என்று எழுதி, பிளாக்கில் பி 23 இருந்தால் எஞ்சின் எங்கிருந்தோ வந்தது. அது குற்றம் ஆகாது. ஆனால் எஞ்சின் மாற்றம் புக்கில் ஏறியிருக்க வேண்டும். எண் குத்திய இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தால் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

நம் ஊரில் இந்தக் கார்கள் பல ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடி, பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டவை. சென்னை சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின்கள் தாராளமாகக் கிடைத்த காலம் அது. அத்தகைய கார் விண்டேஜ் விதிக்குள் நுழைவது கடினம். மூல எஞ்சினைத் தேடிப் பிடித்து மாட்டும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்து பாடி. காந்தத்தைக் கதவின் கீழ் ஓரத்திலும், சக்கர வளைவிலும், ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றியும் வைத்து நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. விரல் அகலத்துக்குப் பட்டி என்றால் டிங்கர் பார்த்துக்கொள்வார். கதவு முழுக்க நழுவினால், உள்ளே கதவு என்று ஒன்று இல்லை. பிறகு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். இந்தக் கார்களின் பாடி தனி சேஸின் மேல் உட்கார்ந்திருக்கும்; இரண்டும் சேரும் போல்ட் இடங்கள்தான் முதலில் அரிக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். 1958 முதல் 64 வரையிலான இம்பாலாவில் சேஸ் எக்ஸ் வடிவம், பக்கவாட்டில் சட்டம் கிடையாது. அங்கே கதவுக்கடியில் ஓடும் தகடுதான் பலம். அது போயிருந்தால் கதவு திறந்து மூடும்போதே தொங்கும்.

டிக்கியின் ரப்பர் ஓடும் வாய்க்கால், பின் சீட்டுக்கு அடியில் உள்ள தளம், தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும் கால் வைக்கும் இடம், மூன்றையும் தவறாமல் பாருங்கள். சென்னைக் கார் என்றால் இரு மடங்கு கவனம்.

கண்ணாடி. 1955 முதல் செவர்லேயின் முன் கண்ணாடி பக்கவாட்டுக்குச் சுற்றி வளையும். அது விரிசல் விட்டிருந்தால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும். வழியில் உடையும் அபாயம் உங்களுடையது. 1952 வரையிலான பிளிமத்தில் முன் கண்ணாடி இரண்டு துண்டு, ஏறத்தாழ தட்டை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை ஜி.பி. ரோட்டிலோ வெட்டித் தருவார்கள். முதல் காருக்கு நான் பழைய ஆறு சிலிண்டரைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குரோமியப் பட்டைகள், பெயர்த் தகடுகள், கிரில், டெயில் லைட் மூடி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பரை மறுபடி குரோமியம் பூசலாம். இல்லாத கிரில்லைப் பூச முடியாது. மூலக் கார் எப்படி இருந்தது என்று தெரிய, வாங்கும் முன் கோவையில் ஜீடீ கார் மியூசியத்துக்கோ, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தர்மஸ்தலத்தார் நடத்தும் பயணா மியூசியத்துக்கோ ஒரு நாள் போய் வாருங்கள். கண் பழகிவிட்டால் குறை தானே தெரியும்.

எஞ்சின்

பயமுறுத்தும் இரண்டு விஷயங்கள் உண்மையில் பழுது ஆகாது. பழைய செவர்லே 216 எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். ஓடும்போது கேஜில் 15ஐ ஒட்டி நின்றால் சரி. ஆறு வோல்ட் கார் செல்ஃப் அடிக்கும்போது மந்தமாகச் சுற்றும். அதன் இயல்பு அது. செவர்லே 1955லும் பிளிமத், டாட்ஜ் 1956லும் 12 வோல்ட்டுக்கு மாறின. ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் எழுதியே கொடுங்கள்: பழைய பிளிமத், டாட்ஜ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகும். பழக்கத்தில் மாற்றி மாட்டினால் வம்பு.

உண்மையான செலவு வைப்பது 216ன் ஒயிட் மெட்டல் பேரிங். 1954லிருந்துதான் செவர்லே கார்களில் எல்லா எஞ்சினுக்கும் மாற்றிப் போடும் ஷெல் பேரிங் வந்தது. வேகம் ஏற்றி இறக்கும்போது கீழே இருந்து தடதட என்று தட்டினால் ஒயிட் மெட்டல் ஊற்றிக் கடைய வேண்டும். இப்போது அந்தக் கை உள்ளவர்கள் குறைவு. ஆனால் பெரிய டீசல் எஞ்சின்களுக்கு இந்த வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டால் கிடைப்பார்கள். கிங் பின் புஷ், வாட்டர் பம்ப் ஷாஃப்ட் போன்றவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய புஷ்ஷைக் கொண்டுபோய் சிட்கோ ஷெட்டில் மேஜையில் வைத்தால், வெர்னியரில் அளந்து, கன் மெட்டல் கட்டையை லேத்தில் பிடித்து, மறுநாள் புதிதாகக் கையில் தருவார்கள். இதற்காகவே பெங்களூருக் கார்க்காரர்கள் அத்திப்பள்ளி தாண்டி இங்கே வருவதை நீங்கள் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது தேசிய நெடுஞ்சாலை 44ல் ஏறிவிடாதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ப் பாதை. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போகும். ஒன்றரை டன் வண்டி கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும் என்று நம்பிப் பார்க்கும் இடம் அது கிடையாது. மேலுமலை இறக்கமும் தொப்பூர் கணவாயும் புது லாரிகளையே சோதிப்பவை. தேன்கனிக்கோட்டை சாலையில் காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். பிரேக் பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது.

விலை பேசும்போது குரோமியம், கண்ணாடி, புக், இந்த மூன்றின் குறைகளுக்குத் தாராளமாகக் கழியுங்கள். எஞ்சின் குறைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அட்வான்ஸ் வங்கி வழியாக மட்டும். ரசீதில் சேஸ் எண்ணும், “என்.ஓ.சி. கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்” என்ற வரியும் இருக்கட்டும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு வந்த பிறகே வண்டி சாலையில் இறங்கட்டும். பெங்களூருவிலிருந்து கொண்டுவரும்போது ஓட்டி வராமல், தட்டையான டோயிங் லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஓட்டுநரிடம் புக்கின் நகலும் என்.ஓ.சி. நகலும் விற்பனைக் கடிதமும் ஒரு செட் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாலிஷ் வாங்கப் போகாதீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; 1950களின் ரப்பரும் கார்க் கேஸ்கட்டும் அதைத் தாங்காது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். அதோடு நான்கு வீல் சிலிண்டரின் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட், பிரேக் குழாய்கள், புது ஆயில். டயர் பழையது என்றால் 6.70-15 என்று எழுதியிருக்கும். கிடைக்காவிட்டால் பொலேரோவுக்குப் போடும் 215/75 ஆர் 15 விட்டத்தில் நெருங்கி வரும். ஆனால் ரிம் அகலம் போதுமா என்று டயர் கடையில் அளந்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இந்த வேலைகள் முடிந்து, புது எண்ணோ பழைய எண்ணோ உங்கள் பெயரில் வாகன் தொகுப்பில் தெரிந்த பிறகு பெயிண்ட் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.